மார்ச் மாதத்து நெஞ்சொலி

ஆகஸ்ட் மாத சரக்குப் படகில், ஆஸ்திரேலியாவில் இருந்து தம்பி சதேகி அனுப்பிய சாமான்கள் வந்து இறங்கின. ஒரு நீல டிரம், ஒரு நீளமான மரப்பெட்டி. டிரம்மின் மூடியில் வெள்ளை மையால் லோசலின் பெயர் இருந்தது. அது முறை. வெளிநாடு போன தம்பி அனுப்புகிற டிரம் அக்கா பெயருக்குத்தான் வரும், அவள் கையால்தான் பிரிபடும். ஆனால் மரப்பெட்டியில் இருந்த பெயர் அவள் புருஷன் பெனிசோனியுடையது.

டிரம்மில் அரிசி, டின் மாட்டிறைச்சி, சோப்பு, பிள்ளைகளுக்குச் செருப்பு, பாய் அளவுக்கு விரிகிற இரண்டு கம்பளிகள். மரப்பெட்டியைப் பெனிசோனியே கடப்பாரை போட்டு நெம்பித் திறந்தான். வைக்கோலுக்கு நடுவில் பதினைந்து குதிரைசக்திப் படகு எஞ்சின் ஒன்று கறுப்பாகப் பளபளத்தது.

தினமும் கூடிக் கவா என்ற வேர்ச்சாறு குடிக்கிற கூட்டம் துறையிலேயே நின்றிருந்தது. "ஏய் பெனி, அக்காவுக்கு அரிசி, உனக்கு எஞ்சினா? மச்சான் யாரைத் தன் ரத்தம்னு நினைச்சிட்டிருக்கான்?" என்று ஒருவன் கத்தினான்.

"பொறாமையில வயிறு வெந்து சாவாதடா. உன் மச்சான் உனக்கு என்ன அனுப்பினான், சொறி மருந்தா?" என்றான் பெனிசோனி. எல்லாரும் சிரித்தார்கள். லோசலினும் சிரித்தாள். தம்பி மூன்று மாதத்திலேயே இவ்வளவு அனுப்புகிறான் என்றால் உடம்பு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம். அவளுக்கு அது போதும். எஞ்சின் யார் பெயருக்கு வந்தால் என்ன?

சதேகிக்குப் பதினான்கு வயதில் காய்ச்சல் வந்து மூட்டு மூட்டாக வீங்கியது. காய்ச்சல் போனபோது இதயத்தின் வால்வைக் கடித்துவிட்டுப் போயிருந்தது. அவர்களுடைய ஹாபாய்த் தீவுகளில் இதொன்றும் புதிதில்லை. ஒவ்வொரு ஊரிலும் இப்படி நாலு பேர் இருப்பார்கள். மாதம் ஒரு பென்சிலின் ஊசி. தவறாமல் போட்டால் வால்வு தேறும், சிலருக்குக் கசிவு தானாகவே குறையும். தவறினால் ஒவ்வொரு தவறலுக்கும் வால்வு இன்னும் கொஞ்சம் கிழியும். அக்காவே நர்ஸ், ஆனால் அவள் கையால் போட்டுக்கொள்வது முறையில்லை என்று சதேகி ஊசிக்குப் படகேறிப் பெரிய ஊருக்குப் போய்வருவான். போய்வருகிறேன் என்று சொல்வான், அவ்வளவுதான்.

லோசலின், ஃபங்காலோ என்ற அவர்கள் ஊரின் கிளினிக்கில் நர்ஸ். அங்கே டாக்டர் கிடையாது. டாக்டர் வைனிகோலோ தலைநகரில் இருந்துகொண்டு ஃபோனில்தான் கிளினிக்கை நடத்துகிறாள். மூன்று வருஷத்துக்கு முன் கிளினிக்குக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். உள்ளங்கை அளவு, வட்டமாக இருக்கும். நெஞ்சில் வைத்தால் இதயச் சத்தத்தைப் பதினைந்து நொடி பதிவு செய்து ஃபோனுக்கு அனுப்பும். ஃபோனில் சத்தமும் கேட்கும், அலைபோல் கோடும் ஓடும். நாலு இடத்தில் வைக்க வேண்டும், கடைசி இடத்துக்கு நோயாளி இடப்பக்கமாகச் சரிந்து படுக்க வேண்டும். கேட்டு, கோட்டைப் பார்த்து, கசிவு லேசா, நடுத்தரமா, கடுமையா என்று லோசலின் எழுதி அனுப்புவாள். வருஷத்துக்கு இரண்டு முறை ஸ்கேன் இயந்திரம் கப்பலில் வரும். ஒரு நாள்தான் தங்கும், இருபது பேரைத்தான் பார்க்க முடியும். லேசு என்று எழுதப்பட்டவர்களுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது.

கிளினிக்குக்கு வண்டி ஓட்டுகிறவன், பெருக்குகிறவன், படகு தள்ளுகிறவன் எல்லாம் பெனிசோனிதான். ஆம்பளை நோயாளிகளுக்குக் கருவி வைத்துப் பிடிப்பதும் அவன் வேலையாயிற்று. கிழவர்கள் பெண்பிள்ளை முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தார்கள். சதேகி விஷயத்தில் அடத்துக்கே இடமில்லை. அந்தத் தீவுகளின் முறைப்படி தம்பியின் வெற்று மார்பை அக்கா பார்க்கக் கூடாது. ஒரே அறையில் உட்கார்ந்து சினிமாகூடப் பார்க்க மாட்டார்கள். அவளைக் கண்டால் சதேகி பார்வையைத் தாழ்த்திக்கொள்வான், நீங்க வாங்க என்றுதான் பேசுவான். பன்னிரண்டு வயதுக்கு மேல் அவள் அவனைச் சட்டையில்லாமல் பார்த்ததில்லை. அவன் கிளினிக்குக்கு வருகிற நாளில் அவள் பின்னறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொள்வாள். பெனிசோனி பதிவு எடுத்துக்கொண்டு வருவான். அவள் சத்தத்தை மட்டும் கேட்பாள்.

கருவி வந்த புதிதில் கற்றுக்கொடுக்க வந்த வேறொரு டாக்டர் பெனிசோனியைத்தான் பெஞ்சில் படுக்க வைத்தார். அவன் கூச்சத்தில் நெளிந்தான். அவன் நெஞ்சில் லப்புக்கும் டப்புக்கும் நடுவே விரலைச் சொடுக்கினாற்போல் ஒரு சின்னச் சத்தம், அதன்பின் டப் வரைக்கும் கொஞ்சம் ஊதல். "வால்வு கொஞ்சம் தளர்வு. பிறவியிலேயே இருக்கும். நூறு வயசு வாழ்வான்" என்றார் டாக்டர். கற்றுக்கொள்ள நல்ல பாடம் என்று அந்தப் பதிவை 'பயிற்சி' என்ற பெயரில் ஃபோனிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். அவன் நெஞ்சில் இன்னொன்றும் இருந்தது. பத்துப் பதினைந்து துடிப்புக்கு ஒருமுறை ஒன்று முந்திக்கொண்டு துடிக்கும், பிறகு ஒரு கணம் நின்றுவிட்டுத் தொடரும்.

"உன் நெஞ்சும் உன்னை மாதிரியே. ரெண்டு தூக்கு தூக்கினதும் உட்கார்ந்துக்குது" என்று லோசலின் கேலி செய்தாள். பதினோரு வருஷமாக அந்த மார்பில் தலைவைத்துப் படுத்தவள். அந்த நிறுத்தம் அவளுக்குத் தாலாட்டு மாதிரி.

சதேகியின் சத்தம் வேறு. லப்பில் தொடங்கி டப் வரைக்கும் இடைவெளியே இல்லாமல் ஒரு பெரிய இரைச்சல், பம்பில் தண்ணீர் பின்னால் அடிப்பது போல. அக்குள் வரைக்கும் கேட்கும். போன வருஷக் கடைசியில் டப்புக்குப் பிறகு கனமாக, தாழ்வாக மூன்றாவதாக ஒரு சத்தம் தலைகாட்டியது. லோசலின் அன்றைக்குச் சோறு வைத்துக்கொண்டே பெனிசோனியிடம் புலம்பினாள்: "இரைச்சல் பெருசா சின்னதான்னு பார்த்து ஏமாறக் கூடாதுய்யா. இந்த மூணாவது சத்தம்தான் எமன். இதயத்து அறை நிரம்பி வழியுதுன்னு அர்த்தம். இன்னும் ரெண்டு பதிவு பார்ப்பேன். ஏறுச்சுன்னா கடுமைன்னு எழுதிடுவேன். ஆபரேஷன்தான்."

பெனிசோனி மீன் முள்ளைத் துப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்குத் தக்காளி பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. ஊர் ஆம்பளைகள் பாதிப் பேர் பெயர் கொடுத்தார்கள். சதேகிக்கு இருபத்தெட்டு வயது. சர்ச் பேண்டில் பெரிய குழல் ஊதிக்கொண்டிருந்தவன் மூச்சு போதாமல் தாளம் தட்டுகிறவனாகிவிட்டான். வள்ளிக்கிழங்குக் காட்டில் அவன் ஒரு குழி தோண்டுவதற்குள் மற்றவன் மூன்று தோண்டுவான். கவாக் கூட்டத்தில் அவனுக்கு நேராகவே பேசுவார்கள். "சதேகி, நீ ஊரைப் பார்த்துக்கோடா. பொம்பளைங்களுக்கு ஒரு துணை வேணும்ல" என்பார்கள். அவன் சிரிப்பான். கிண்ணத்தைக் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைப்பான்.

போகிறவர்களுக்கு உடம்புச் சான்று வேண்டும். சதேகிக்கு அது லோசலின் கையெழுத்தில் வர வேண்டும்.

மார்ச் முதல் வாரம் அவன் கிளினிக்குக்கு வந்தான். பலா மரத்தடியில் நின்று இருமினான், வந்திருக்கிறேன் என்று சொல்வதற்கு. அவள் பின்னறைக்குப் போனாள். திரைக்கு அந்தப் பக்கம் சட்டை கழற்றுகிற சரசரப்பு கேட்டது.

"யோவ் மச்சான், கை ஐஸ்கட்டி மாதிரி இருக்குய்யா" என்று சதேகி சிரித்தான்.

"மூச்சை அடக்குடா. பொண்ணு மாதிரி நெளியாத. சரி, இடப்பக்கம் திரும்பு. இன்னும். ஆங்."

இரண்டு பேரும் அடக்கிக்கொண்டு சிரிப்பது கேட்டது. மச்சான்கள் சேர்ந்தால் இப்படித்தான் என்று அவளும் புன்னகைத்தாள்.

பெனிசோனி ஃபோனைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் காதில் மாட்டிக்கொண்டாள். லப். பிறகு வெறுமை. பிறகு லேசான ஊதல், டப். மூன்றாவது சத்தம் இல்லை. மறுபடி கேட்டாள். அக்குள் பதிவைக் கேட்டாள். இல்லை. பெரிய இரைச்சல் போய், கடைசியில் துளியூண்டு கசிவுதான் மிச்சம். புத்தகத்தில் போட்டிருப்பது இதுதான்: ஊசி ஒழுங்காகப் போட்டால் குறையும். பதினான்கு வருஷம் சர்ச்சில் முட்டிபோட்டு வேண்டிக்கொண்டதும் இதுதான். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பெனிசோனி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"லேசா?" என்று கேட்டான்.

"லேசுதான்யா. லேசு!"

அப்படியே எழுதினாள். ஏப்ரல் ஸ்கேன் வரிசையில் இருந்து அவன் பெயரை அவளே அடித்தாள். அந்த இடத்தில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்றின் பெயரைப் போட்டாள். போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சதேகி சர்ச் மணிமேடையின் ஏழு படியை நடுவில் நின்று நின்று ஏறியதை அவள் பார்த்தாள். புதுச் செருப்பு கடிக்கிறது போல என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்க விரும்பினாள்.

டிரம் வந்து பன்னிரண்டாம் நாள் காலையில் ஃபோன் வந்தது. தக்காளிக் கூட்டத்தின் தலைவன் ஃபுனாகி.

"லோசா அக்கா, உட்கார்ந்துக்கோங்க. சதேகி வயல்ல விழுந்துட்டான். மூச்சு விட முடியல, வாயில நுரை, ரோஸ் கலர்ல. ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். உயிர் இருக்கு."

அவள் ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இங்க டாக்டர் ஒண்ணு கேக்கறார்க்கா. வால்வு வாயைப் பொளந்துட்டு ஒழுகுதாம். இது நேத்து வந்தது இல்ல, வருஷக்கணக்கான விஷயம்ங்கறார். உங்க பேப்பர்ல லேசுன்னு இருக்கே, எந்த நர்ஸ் பார்த்தாங்கன்னு கேக்கறார். நான் என்னன்னு சொல்ல?"

"நான்னு சொல்லு" என்றாள் லோசலின்.

கிளினிக்கைத் திறந்தாள். வரிசையில் நின்ற இரண்டு தாய்மார்களை அப்புறம் வரச் சொன்னாள். மார்ச் பதிவை எடுத்துக் காதில் மாட்டினாள். எங்கே தவறவிட்டேன், எந்தச் சத்தத்தைக் கேட்காமல் விட்டேன் என்று தேடினாள். முதல் இடம், இரண்டாம் இடம். இந்த முறை அழுகை இல்லாததால் காது சரியாக வேலை செய்தது. லப்புக்கும் ஊதலுக்கும் நடுவில் ஒரு சொடுக்கு இருந்தது. கிழிந்த வால்வு சொடுக்காது. மூன்றாம் இடத்துப் பதிவின் பத்தாவது நொடியில் ஒரு துடிப்பு முந்தியது. ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

அவளுக்கு அது எந்த நெஞ்சு என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நம்பாமல் 'பயிற்சி'யைத் திறந்தாள். இரண்டு கோடுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தாள். சொடுக்கு சொடுக்கின் கீழ் விழுந்தது. ஊதல் ஊதலின் கீழ் விழுந்தது. மூன்று வருஷ இடைவெளியில் எடுத்த ஒரே ஆளின் நெஞ்சு. நேற்று இரவுகூடக் காதை வைத்துப் படுத்த நெஞ்சு.

வெளியே வந்து கிளினிக்கைப் பூட்டினாள். கடற்கரைக்கு நடந்தாள்.

பெனிசோனி படகின் பின்பலகையில் எஞ்சினைப் பொருத்திக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"சதேகி விழுந்துட்டான்" என்றாள்.

அவன் ஸ்பானரைக் கீழே போட்டான். "செத்துட்டானா?" என்றான் முதலில்.

அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. விழுந்தான் என்று சொன்னால் எங்கே, எப்படி, எதிலிருந்து என்றுதான் மற்றவன் கேட்பான்.

"மார்ச்ல நீ யார் நெஞ்சுல வச்ச?"

அவன் கடலைப் பார்த்தான். "லோசா, இங்க வேணாம். வீட்டுக்குப் போயிப் பேசலாம்."

"யார் நெஞ்சுல வச்ச?"

"அவன் கால்ல விழாத குறையா கெஞ்சினான்டி. ஒரே ஒரு சீசன் மச்சான், போயிட்டு வந்துடறேன், ஊர்ல தலை நிமிர முடியலன்னு அழுதான். ஆம்பளை அழுதா நான் என்ன பண்றது? ஆறு மாசம்தானேன்னு நினைச்சேன்."

"உன் நெஞ்சைக் குடுத்துட்ட."

"முழுக்கச் சுத்தமான ஆளோடதை வச்சா நீ நம்ப மாட்டேன்னு தெரியும். திடீர்னு எப்படிச் சுத்தமாச்சுன்னு கேப்ப. என்னோடது கொஞ்சம் ஒழுகுதுல்ல, அதான்..." சொல்லிக்கொண்டே வந்தவன், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது உறைத்து நிறுத்தினான்.

லோசலின் எஞ்சினைப் பார்த்தாள். "இது எப்போ பேசினது?"

"அது அவனா அனுப்புனது."

"எப்போ பேசினீங்க பெனி?"

அவன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "பிப்ரவரி" என்றான்.

சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவள் சொன்னது ஒவ்வொன்றையும் இவன் பொறுக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். எது குறைந்தால் அவள் நம்புவாள், எது மிச்சமிருந்தால் சந்தேகப்பட மாட்டாள் என்று அவளை வைத்தே அவளுக்கு அளவெடுத்திருக்கிறான். அவள் அழுதபோது முதுகைத் தடவிக் கொடுத்த கையும் இதுதான். அந்தப் பக்கம் தம்பி. அவன் மேல் வைத்த மரியாதைக்காகத்தான் அவள் திரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு சிரித்திருக்கிறான்.

செப்டம்பர் பாதியில் சதேகியைத் திருப்பி அனுப்பினார்கள். பழைய நோய் என்பதால் ஆபரேஷன் செய்ய அங்கே யாரும் பொறுப்பெடுக்கவில்லை. நீர் வற்ற மருந்து கொடுத்து விமானம் ஏற்றிவிட்டார்கள். படகில் இருந்து பாயோடு தூக்கி இறக்கினார்கள். போகும்போது சதை இருந்த தோள், இப்போது சட்டை மாட்டுகிற ஆணி போல் இருந்தது. கவாக் கூட்டத்து ஆட்கள்தான் தூக்கினார்கள்.

கிளினிக் கட்டிலில் சாய்ந்தவாக்கில் உட்கார வைத்தார்கள். படுத்தால் மூச்சு முட்டியது. லோசலின் வாசலில் நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. எப்போதும் பார்க்காதவன்தான், ஆனால் இது வேறு மாதிரிப் பார்க்காமல் இருப்பது.

டாக்டர் வைனிகோலோவிடம் இருந்து ஃபோன் வந்தது. "லோசலின், நவம்பர்ல ஆபரேஷன் டீம் வருது. பத்து பேருக்குத்தான் செய்வாங்க. பட்டியல் இன்னைக்குச் சாயங்காலம் மூடுது. ஸ்கேன் மெஷின் வடக்குத் தீவுல மாட்டிக்கிச்சு. அதனால உன் தம்பியோட புதுப் பதிவை உடனே அனுப்பு. ஆஸ்திரேலியாக் கடிதமும் இருக்கு. ஆனா ஒரு சிக்கல்."

"சொல்லுங்க டாக்டர்."

"போன வருஷம் நடுத்தரம். மார்ச்ல லேசு. இப்பக் கடுமை. டீம்ல கேக்கறாங்க, ஊசியில இவ்வளவு தேறினவனுக்கு மறுபடி காய்ச்சல் வந்து வால்வு புதுசா வீங்கியிருக்கணும், அப்ப ஆறு மாசம் மருந்து குடுத்து ஆற விடணும், இப்பக் கத்தி வைக்கக் கூடாதுன்னு. அவங்க சொல்றது சரிதான், மார்ச் பதிவு சரியா இருந்தா. நீ என்ன நினைக்கிற?"

"பதிவு எடுத்துட்டுக் கூப்பிடறேன் டாக்டர்" என்றாள்.

பெனிசோனி கருவிப் பெட்டியோடு வந்து நின்றான். இந்த மூன்று வாரமாக அவன் படகுக் கொட்டகையில்தான் படுக்கிறான். "நான் எடுக்கறேன்" என்றான் தாழ்ந்த குரலில். "நீ பின்னாடி போ. ஒழுங்கா எடுக்கறேன், சத்தியமா."

"பெட்டியக் கீழ வச்சுட்டு வெளிய போ."

"லோசா, ஊரு பார்க்குது. அவன் உன் தம்பி..."

"உன்னைத்தான் வெளிய போகச் சொன்னேன்."

அவள் திரையை முழுக்க ஒதுக்கித் தள்ளினாள். கட்டிலருகே போனாள். சதேகிக்கு அவள் என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்தபோது சட்டையின் முன்பக்கத்தைக் கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, வேணாம். அக்கா, நீங்க வேணாம். செத்தாலும் பரவால்ல."

"கையை எடு."

"தம்பி மாரை அக்கா தொடறதா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"திரைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது எதுக்குடா? உனக்காக. நீ அந்தத் திரையை வித்து எஞ்சின் வாங்கிக் குடுத்துட்ட. இனி என்ன மிச்சம் இருக்கு? கையை எடு."

அவன் கையை எடுத்தான். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவளே பொத்தான்களைக் கழற்றினாள். பதினாறு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிற மார்பு. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் எழும்பி எழும்பித் தணிந்தது. கருவியே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தது இதைத்தான். ஒரே ஒருமுறை பார்த்திருந்தால் மார்ச்சில் யாராலும் அவளை ஏமாற்றியிருக்க முடியாது.

நாலு இடத்திலும் வைத்தாள். கடைசிக்கு அவன் தோளைப் பிடித்து இடப்பக்கம் சாய்த்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதான். அழுதால் பதிவில் விழும் என்று அதட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

காதில் மாட்டிக் கேட்டாள். லப்பே இல்லை, இரைச்சல் அதை விழுங்கியிருந்தது. ஒரே அடியாக டப் வரைக்கும் அடித்துக்கொண்டு போனது. பிறகு மூன்றாவது சத்தம். போன வருஷம் தலைகாட்டியது இப்போது ஒவ்வொரு துடிப்புக்கும், உள்ளே நிற்க இடமில்லாமல் யாரோ கதவைத் தோளால் இடிப்பது போல வந்தது. கடுமை என்று எழுதினாள்.

"ஊசி எத்தனை தவறவிட்ட?" என்று கேட்டாள், அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே.

"...போன வருஷம் அஞ்சு. ஆறு இருக்கும்."

"அதுவும் பொய்தானா?"

அவன் போர்வையை மார்பு வரைக்கும் இழுத்துக்கொண்டான்.

ஃபோனை எடுத்தாள். வாசலுக்கு வெளியே பெனிசோனி நின்றுகொண்டிருந்தான், போகச் சொல்லியும் போகாமல். அவளுக்கு என்ன தோன்றியிருக்கிறது என்று அவன் படித்துவிட்டான். அவளைப் படிப்பதில் அவனுக்கு எப்போதும் குறையில்லை.

"மெஷின் கெட்டுப்போச்சு, பேரு மாறிடுச்சுன்னு ஏதாவது சொல்லு" என்றான் அவசரமாக. "அதுக்கும் அவங்க ஒத்துக்குவாங்கல்ல? உண்மையச் சொன்னா உன் வேலை போயிடும், என் வேலை போயிடும். பிள்ளைங்க என்ன தின்னும்? சர்ச்சுல நம்ம பக்கத்துல யாரு உட்காருவா?"

"மெஷின் கெட்டுச்சுன்னு சொன்னா இந்த மெஷின்ல எடுத்த இதை யாரு நம்புவா?" என்று ஃபோனை ஆட்டிக் காட்டினாள். "பேரு மாறிடுச்சுன்னா அது யார் பேருன்னு கேப்பாங்க. உன் பேருதான்யா. அதை நான் சொல்லித்தான் ஆகணும்."

கூப்பிட்டாள். டாக்டர் எடுத்தாள்.

"டாக்டர், மார்ச் பதிவு சதேகியோடது இல்ல."

"என்ன சொல்ற? அப்ப யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது. அவர்தான் தன் நெஞ்சுல வச்சு எடுத்திருக்கார். ஃபோன்ல பயிற்சிப் பதிவு ஒண்ணு இருக்கு, ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும். நான் பார்க்காம கையெழுத்துப் போட்டேன். தம்பிக்கு நடுவுல தேறவே இல்ல, ஊசியும் ஒழுங்கா போடல. போன வருஷத்துல இருந்து நேரா இறங்கியிருக்கான்."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இதை எழுத்துல குடுக்கணும், லோசலின்" என்றாள் டாக்டர். "குடுத்தா டீம்ல பேசறேன். இடம் கிடைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன். உனக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் டாக்டர்."

மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். நீளமாக இல்லை, ஏழு வரி. எழுதி, படம் எடுத்து அனுப்பினாள். பிறகு மார்ச் பதிவைத் திறந்து, பெயர் இருந்த இடத்தில் சதேகி என்பதை அழித்துவிட்டுப் பெனிசோனி என்று அடித்தாள். பழைய 'பயிற்சி'யையும் திறந்து அதிலும் அதே பெயரை அடித்தாள்.

"நீங்க என்னை மன்னிக்கவே மாட்டீங்கல்லக்கா?" என்று சதேகி சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"பேசாத. பேசினா மூச்சு வாங்கும்" என்றாள்.

நாலு மணிக்குப் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது என்று ஒரு வரிச் செய்தி வந்தது. அதன் கீழேயே இன்னொன்று: திங்கட்கிழமை வேறு நர்ஸ் வருகிறாள், சாவியை அவளிடம் ஒப்படைக்கவும். லோசலின் இரண்டையும் சதேகிக்குப் படித்துக் காட்டவில்லை. முதல் வரியை மட்டும் படித்தாள்.

கருவியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். வாசலில் நின்ற பெனிசோனி, வழக்கப்படி, பெட்டிக்குள் வைக்க அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தாண்டிப் போய், பெட்டியில் தானே வைத்துப் பூட்டினாள். சாவியை, அந்த ஊர்ப் பெண்கள் ஆடைமேல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற பாயின் முடிச்சில் சொருகிக்கொண்டாள். திங்கட்கிழமை வரைக்கும் அது அவளுடையதுதான்.